பேரக்குழந்தையோடு வெளியே கிளம்பும்போது

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை குடும்பக் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

கிளைச் செயலாளர் போன மாதம் ஆத்துக்கு வந்திருந்தார். "மாமா, இந்தத் தடவை பென்ஷன் விதிகளைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்றார். 36 வருஷம் மத்திய சர்க்காரில் கணக்குப் பார்த்தவன் என்பதால் அவர் கேட்டது நியாயம்தான். "பென்ஷனைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். காரணத்தைச் சொன்ன பிறகு அவர் சிரிக்கவில்லை. அந்தக் காரணத்தையே முதலில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரி கடைசி வாரம். என் தம்பியின் பேரனுக்குச் சென்னையில் உபநயனம். நானும் என் சகதர்மிணியும், மாட்டுப்பெண்ணும், 20 மாதமான பேரனும் நாக்பூரில் காலையில் ரயில் ஏறினோம். பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, மறுநாள் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. மாட்டுப்பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை வேலை முடித்துவிட்டு வந்திருந்தாள். "அப்பா, ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தாள்.

நாக்பூர் பிளாட்பாரத்திலேயே நான் 60 ரூபாய் கொடுத்து ஒரு சாமான் வாங்கி வைத்திருந்தேன். பிளாஸ்டிக்கில் செய்த குட்டி செல்போன். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பாட்டுப் பாடும். பேரனுக்கு ஏக சந்தோஷம். அழுத்தினான், கடித்தான், தூக்கிப் போட்டான், மறுபடி எடுத்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாரங்கல் தாண்டியதும் பாட்டுச் சத்தம் நின்றுபோயிற்று. "ஏன்னா, பின்னாடி மூடியைக் காணுமே?" என்று அகத்துக்காரி கேட்டாள். சாமானைத் திருப்பிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பேட்டரிகள் இருக்க வேண்டிய குழியில் ஒன்றுதான் இருந்தது. ஒன்று சீட்டுக்கு அடியில் அகப்பட்டது. மூன்றாவதைக் காணவில்லை.

மாட்டுப்பெண்ணை எழுப்பினோம். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கடைசியா எப்போ பாடித்து?" எனக்குப் பதில் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்குள் இருக்கும் என்றேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "2 மணி நேரத்துக்குள்ள எக்ஸ்ரே எடுக்கணும்ப்பா. குழந்தைக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்காதேங்கோ. வாந்தி எடுக்க வைக்காதேங்கோ" என்றாள். 139-க்குப் போன் செய்தோம். டி.டி.இ. அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி வைத்தார். கம்மத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி, ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இந்த விஷயத்தில் அதைக் கண்டு ஏமாறக்கூடாது. பேட்டரியை விழுங்கிய குழந்தையும் முதலில் ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கலாம்.

மூக்கிலிருந்து வயிறு வரை எக்ஸ்ரே எடுத்தார்கள். பேட்டரி இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்து, "உள்ளே எதுவும் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னபோது எனக்கு நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு மறுபடி காலுறை மாட்டும்போது நர்ஸம்மா கையில் ஏதோ தட்டுப்பட்டது. கம்பளிக் காலுறைக்குள் அந்த மூன்றாவது பேட்டரி இருந்தது. பேரனே உள்ளே போட்டிருக்கிறான்.

மாட்டுப்பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபநயனம் நன்றாக நடந்தது, திரும்பி வந்தோம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம், "பார்க்குக்கு அழைச்சிண்டு போகட்டுமா?" என்று நான் கேட்டால், "வேண்டாம்ப்பா, நானே போய்க்கறேன்" என்பாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என்னை நம்பிக் குழந்தையைக் கொடுக்கத் தயங்கினாள். அது நியாயம் என்று எனக்கும் தெரிந்ததால் கூடுதலாக வலித்தது.

நான் 1970-களில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். ஆயிரம் கோப்புகளில் விதி எண் போட்டு ஆட்சேபணை எழுதினவன். 60 ரூபாய்ச் சாமானைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மூன்று மாதத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் செய்து பார்த்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் தொண்டை, பிறகு விளையாட்டு

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அது கெட்ட வழக்கம் இல்லை, அந்த வயதின் படிப்பு. அரைக்கும் பற்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும். மூச்சுக் குழாயோ மிகக் குறுகலானது. குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. பாய்சுயே விதி என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். பெரியவர்களுக்கு வெறும் இருமலோடு போகிற ஒரு சிறு துண்டு குழந்தைக்கு ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாமான்களைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மி.மீ. அடிப்பாகம் சாய்வாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் அமுக்காமல் அதற்குள் முழுசாக அடங்கிவிடும் பொருள் அந்த வயதுக் குழந்தைக்கு ஆகாது.

இதை ஆத்திலேயே செய்துகொள்ளலாம். 31.7-ஐப் பையால் பெருக்கினால் ஏறக்குறைய 100 மி.மீ., அதாவது 10 செ.மீ. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 11 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுருட்டி ஒட்டுங்கள். சோதனைக் குழாய் தயார். சாய்வு இல்லாததால் ஆய்வுக்கூடத்து உருளையைவிட இது கொஞ்சம் கண்டிப்பானது. அது நல்லதுதான். இதோ, நான் செய்து கொண்டுவந்திருக்கிறேன். பாருங்கள், 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ., உள்ளே விழுகிறது. சோழி விழுகிறது. பேனா மூடி விழுகிறது. நான் வாங்கிய செல்போன் குழாயில் விழாது. ஆனால் அதன் மூடி விழும், பேட்டரி விழும். ஆகையால் சாமானை மட்டும் சோதித்தால் போதாது. அதிலிருந்து கழலக்கூடிய ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். கரடியின் கண், காரின் சக்கரம், சட்டையில் தைத்த மணி இவற்றையெல்லாம் நன்றாகத் திருகி இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு வந்தால் குழந்தையின் பல்லுக்கும் வரும்.

உருண்டைப் பந்துக்கு மட்டும் கணக்கு வேறு. உருண்டை தொண்டையை முழுக்க அடைத்துவிடும் என்பதால் 4.5 செ.மீ-க்குக் குறைந்த பந்து வேண்டாம். டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ., நம் குழாயில் விழாது. இருந்தாலும் அதுவும் கூடாது. கயிறு கட்டிய சாமானானால் கயிறு 22 செ.மீ-க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் நீண்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

அறவே வேண்டாதவை நான்கு

முதலாவது, பொத்தான் பேட்டரி உள்ள எதுவும். விளக்கு எரியும் பம்பரம், பாடும் புத்தகம், ஒளிரும் மோதிரம் எல்லாம் இதில் சேரும். இந்த பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடும். எதிர்முனைப் பக்கம் கடுமையான காரம் உண்டாகிச் சதையை அரிக்கும். 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஆகிவிடலாம். 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி மிகவும் மோசமானது, ஏனென்றால் அந்த அளவுதான் குழந்தையின் உணவுக் குழாயில் நின்றுவிடும். கார் சாவியிலும் எடை பார்க்கும் மெஷினிலும் டி.வி. பெட்டியின் சில ரிமோட்டுகளிலும் இருப்பது இதுதான். குழந்தை அழுகிறது என்று கார் சாவியை எடுத்துக் கொடுக்கிறோமே, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சின்னக் காந்தங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் ஓட்டையாகிவிடும். மூன்றாவது, தண்ணீரில் போட்டால் பெருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகள். வயிற்றுக்குள்ளும் அவை அதே மாதிரி பெருக்கும். நான்காவது, பலூன். கோவில் வாசலிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் சுலபமாகக் கிடைப்பது அதுதான். வெடித்த ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கஷ்டம்.

கடையில் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். மத்திய அரசு 2020-ல் பிறப்பித்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுச் சாமான்களுக்கு அந்த முத்திரை கட்டாயம். முத்திரையோடு லைசென்ஸ் எண்ணும் இருக்கும். கூர்மையான விளிம்பு, தீப்பற்றும் தன்மை, ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இவற்றையெல்லாம் சோதித்த பிறகே அது கிடைக்கிறது. நான் வாங்கியதில் முத்திரையும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. விற்ற பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வாங்கியவன் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை

பேட்டரி போன பிறகு, பொம்மையே வேண்டாம், நிஜ செல்போனையே கொடுத்துவிடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நானும் கொடுத்திருக்கிறேன். கச்சேரியில் பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தால் நம் கை தானாகவே சட்டைப் பைக்குப் போகிறது. ஆனால் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் எந்தத் திரையும் வேண்டாம் என்கிறது. உறவினர்களோடு எப்போதாவது வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவில் உள்ள பிள்ளையோடு பேரன் வீடியோவில் பேசலாம். ஆகையால் செல்போனை விரோதியாக நினைக்க வேண்டாம். அழுகையை நிறுத்தும் மருந்தாகவும் அதைப் பழக்க வேண்டாம்.

குழந்தைக்கு என்ன பிடிக்கிறது?

காலுறைக்குள் கிடந்த பேட்டரிக்கு மறுபடி வருகிறேன். பேரன் அதை ஏன் அங்கே போட்டான்? அந்த வயதுக் குழந்தைக்கு உலகத்திலேயே பெரிய விளையாட்டு, ஒன்றை ஒன்றுக்குள் போடுவதும் திரும்ப எடுப்பதும்தான். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போகவில்லை, உள்ளே இருக்கிறது என்பதை அது நூறு தடவை சோதித்துப் பார்க்கிறது. மூடுவது, திறப்பது, மறைப்பது, கண்டுபிடிப்பது, அடுக்குவது, தள்ளிவிடுவது எல்லாம் அதே ஆராய்ச்சியின் பகுதிகள். பாட்டுப் பாடும் பொம்மை இதில் எதையும் செய்ய விடாது. பொத்தானை அழுத்தியதும் பொம்மை விளையாடும், குழந்தை வேடிக்கை பார்க்கும். அதனால்தான் கால் மணியில் அலுத்துப்போய் மூடியைக் கழற்றத் தொடங்குகிறது.

எத்தனை சாமான் வேண்டும் என்பதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்டார்கள். 36 சின்னக் குழந்தைகளை ஒரு தடவை 4 சாமான்களோடும், இன்னொரு தடவை 16 சாமான்களோடும் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தன, ஒரே சாமானை வைத்துப் பலவிதமாக விளையாடின. 16 இருந்தபோது தாவிக்கொண்டே இருந்தன. மூட்டை கட்டி எடுத்துப்போவதால் லாபமில்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

என் பையில் இருப்பவை

ஒரு சின்னத் துணிப் பை. எடை அரைக் கிலோவுக்குள். உள்ளே நான்கே சாமான்கள்.

ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று எவர்சில்வர் சம்புடங்கள். விளிம்பு கூர்மையில்லாதவை. போடலாம், எடுக்கலாம், அடுக்கலாம், மூடலாம், தாத்தாவுக்குக் காப்பி கொடுக்கலாம். கீழே விழுந்தால் அலம்பிக்கொள்ளலாம். சத்தம் வருமே என்றால், ரயிலில் பரவாயில்லை. கச்சேரிக்கும் முகூர்த்தத்துக்கும் போகும்போது இவற்றுக்குப் பதிலாக அதே மாதிரி அடுக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு, நான்கு பருத்திக் கைக்குட்டைகள். நான்கு நிறம். முடிச்சுப் போட்டால் முயல், முகத்தில் போட்டால் கண்ணாமூச்சி. காலி சம்புடத்தில் திணித்து வைத்தால் குழந்தை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கும். திரும்பத் திணிக்கத் தாத்தா வேண்டும். மூக்கு ஒழுகினாலும் உபயோகம்.

மூன்று, போட்டோ ஆல்பம். உள்ளங்கையளவு, பத்துப் படம். அத்தை, சித்தப்பா, கொள்ளுப்பாட்டி, ஆத்து வாசல் துளசி மாடம், தெரு நாய். நம் குடும்பங்கள் இன்று பல ஊர்களில் சிதறி இருக்கின்றன. கல்யாணத்துக்குப் போகுமுன் ரயிலில் இந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே போனால், மண்டபத்தில் அத்தையைப் பார்த்ததும் குழந்தை மிரண்டு அழாது. சென்ற வருஷம் ஒரு நண்பர் ஆத்துக் குழந்தை மண்டப வாசலிலேயே "அத்தே" என்று ஓடியதை நேரில் பார்த்தேன். ஆல்பம் செய்து கொடுத்தது நான்தான் என்று அந்த அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான்கு, ஒரு மரச் சாமான். என்னிடம் இருப்பது சன்னபட்டணத்தில் செய்த வண்டி. பெங்களூர் மைசூர் ரோடில் பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில் உள்ள ஊர் அது. வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுற்றவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மேலே பூசிய பெயிண்ட் மாதிரி செதில் செதிலாகப் பெயர்வது குறைவு. கூர்மையான மூலையும் இல்லை.

மற்ற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கும் வழி இருக்கிறது. ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்காவில் இதே போன்ற அரக்கு வேலை நடக்கிறது. காசியில் மரச் சாமான்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாவந்த்வாடி இருக்கிறது. டில்லியில் பாபா கடக் சிங் மார்க் எம்போரியங்களில் எல்லா மாநிலத்து வேலையும் பார்க்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் சாமான்களுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அந்தத் தர ஆணையிலிருந்து விலக்கு உண்டு. ஆகையால் அவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இருக்கலாம். அங்கே நம் கண்ணும் கையும்தான் முத்திரை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் வேண்டாம். சக்கரத்தின் அச்சை இழுத்துப் பாருங்கள். கொண்டபள்ளி பொம்மை கொலுவுக்கு அழகு. மெல்லிய மரத்தில் செதுக்கி, ஒட்டி, மேலே வண்ணம் பூசியது. மூன்று வயதுக்குள் கையில் கொடுக்க ஏற்றதல்ல. கொலுப் படியிலிருந்து இறக்கிய பழைய மரப்பாச்சியும், மேலே யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் வாய்க்குப் போகக்கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 90 பி.பி.எம்-க்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

பையை உபயோகிக்கவும் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஆத்தில் இருக்கும்போது அந்தப் பை பீரோவில் பூட்டியிருக்கும். வெளியே போகும் நாளில் மட்டும் வெளிவரும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதுசு. நான்கையும் ஒரேயடியாகக் கொட்ட மாட்டேன். ஒன்றை எடுத்தால் இன்னொன்று உள்ளே போக வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒரு சுற்றுக்கு 40 நிமிஷம். நடுவில் ஜன்னல் இருக்கிறது, நடை இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. டாக்டர் ஆத்து வாசலில் ஒரு மணி நேரம் இதை வைத்தே ஓட்டியிருக்கிறேன். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலம்பி, எண்ணி, மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன். ஸ்டாக் ரிஜிஸ்டர் ஒன்றுதான் பாக்கி என்று என் சகதர்மிணி கேலி செய்கிறாள்.

மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும்

அதோ, அந்த மாமி ஏதோ சொல்கிறார். "எங்க காலத்துல கரண்டியும் டம்ளரும் கொடுத்துத்தான் வளர்த்தோம்" என்கிறார். உண்மை. என் பையில் பாதி அதுதான். ஆனால் அந்தக் காலத்தில் கரண்டியோடு வேறொன்றும் இருந்தது. கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். குழந்தை கரண்டியை வாயில் வைத்தால் பிடுங்க யாராவது ஒரு கை நீளும். இன்று ரயில் பெட்டியில் நானும் அவளும்தான். அதில் நான் பேப்பர் படித்தால் யாருமே இல்லை என்று அர்த்தம். நான் வாங்கிய செல்போன் பொம்மையின் பெரிய குறை பேட்டரி இல்லை. அது இருந்தால் நான் வேண்டாம் என்று நினைத்தேனே, அதுதான். என் நான்கு சாமான்களில் எதுவும் தாத்தா இல்லாமல் வேலை செய்யாது. வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து வரலாம். தொண்டையில் ஏதாவது சிக்கி, குழந்தை பலமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் உடனே செய்ய வேண்டியது இது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தடவை தட்ட வேண்டும். பலனில்லாவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை அமுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றை அமுக்கவே கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி முதுகில் 5 தட்டு, திருப்பிப் போட்டு மார்பு நடுவில் 5 அமுக்கு. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக்கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இன்னொருவர் உடனே 112-க்குப் போன் செய்ய வேண்டும், ரயிலானால் 139. இதைக் காதால் கேட்டால் போதாது, கையால் செய்து பழக வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. நம் கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று செயலாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நவராத்திரியில் கொலுவுக்கு வரும் குழந்தைகளுக்கும், உபநயனத்துக்கும் ஆயுஷ்ஹோமத்துக்கும் வரும் குழந்தைகளுக்கும், தாம்பூலப் பையோடு ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல மனசோடுதான் கொடுக்கிறோம். ஆனால் மொத்தமாக வாங்கும்போது மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் விளக்கு எரிகிறவை, காந்தம் ஒட்டுகிறவை, பலூன்கள். வாங்கிப் போகும் குழந்தைக்கு ஆறு வயது இருக்கலாம். ஆத்தில் அதன் தம்பிக்கு ஒன்றரை வயது. ஆகவே, கொடுப்பதற்கு முன் இந்த 10 செ.மீ. அட்டைக் குழாயில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வாசலில் 25 குழாய்கள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் அங்கத்தினர்கள் அளவைக் குறித்துக்கொண்டு தாங்களே செய்துகொள்ளலாம்.

என் மாட்டுப்பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நான் பையைத் தயார் செய்து மேஜைமேல் வைத்திருந்தேன். அவள் அதைப் பிரித்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து, இழுத்துப் பார்த்தாள். அட்டைக் குழாயை எடுத்து, "இது என்னப்பா?" என்றாள். சொன்னேன். தன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி அதில் போட்டுப் பார்த்தாள். விழுந்தது. கிளிப்பைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு குழந்தைக்குச் செருப்பு மாட்டி, "தாத்தாவோட பார்க்குக்குப் போயிட்டு வா" என்றாள்.

இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சம்புடங்கள் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. பை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. என் பெண்ணுக்குப் பெங்களூரில் போன மாதம் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு வருஷம் கழித்து அது அங்கே போகும். அதுவரை, யாருக்காவது பிரயாணத்துக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். திருப்பித் தரும்போது மட்டும் எண்ணிக் கொடுங்கள்.

 எல்லாக் குழந்தைகளும் க்ஷேமமாக, தீர்க்காயுசாக இருக்க பகவானைப் பிரார்த்திக்கிறேன்.